வாசலில் ஏழு பேர்

"ஹலோ... சார், நான்தான்... ஆமா சார், மறுபடியும் நான்தான்... வச்சிடாதீங்க சார்... இல்ல, இன்னும் உள்ள போகல. பாஸ்வேர்டு போட்டாச்சு, அப்படியே நிக்குது... ஆமா... ஆமா ஆமா, சுத்திக்கிட்டே இருக்கு."

திரையில் சுற்றிக்கொண்டிருந்தது ஒரு சின்ன வட்டம். கணவன் வீட்டுப் படுக்கையறையில், கட்டில்மேல் சம்மணம் போட்டு, மடியில் தலையணை, தலையணைமேல் மடிக்கணினி, காதுக்கும் தோளுக்கும் நடுவே கைபேசி என்று உட்கார்ந்திருந்த இளநிலை எழுத்தருக்கு, அந்த வட்டத்தைப் பார்த்துப் பார்த்தே தலை சுற்றியது. மணி மூன்று நாற்பது. ஐந்து மணிக்குள் அவள், எட்டு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் தன் அலுவலகக் கணினிக்குள் இங்கிருந்தபடியே நுழைந்தாக வேண்டும்.

இடமாற்ற விண்ணப்பம் மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் வாங்குவார்கள். இந்தத் தடவை நேற்றுச் சாயங்காலம் திறந்து இன்று ஐந்து மணிக்கு மூடுகிறார்கள். யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்று முடிவு பண்ணி அறிவித்த மாதிரி இருந்தது. அதையும் அவரவர் அலுவலகக் கணினியிலிருந்துதான் அனுப்ப வேண்டுமாம். அவளோ, மகள் பள்ளிக்கூடச் சறுக்குமரத்திலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டாள் என்று நான்கு நாள் லீவில் இங்கே வந்திருந்தாள். மகளும் கணவனும் இந்த ஊரில், அவள் அந்த ஊரில், மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை குடும்பம் என்று மூன்று வருஷம் ஓடியிருந்தது. இன்று தவறினால் இன்னும் மூன்று வருஷம். மகளுக்கு அப்போது ஏழரை வயதாகிவிடும்.

மறுமுனையில் இருந்தவர் அவளுடைய தலைமை எழுத்தர். ஆற்றுப் பாலத்துத் தூணில் இருக்கும் அளவுகோலைத் தினமும் காலையில் பார்த்து, நீர்மட்டத்தை எழுதி மேலே அனுப்புகிற கிளை அலுவலகம் அது. மொத்தமே இரண்டு பேர். அவர் ஒருவர், அவள் ஒருத்தி. ஆறு கரையை மீறினாலும் அவர் விதியை மீற மாட்டார் என்று தலைமையகத்தில் சொல்வார்கள். பாராட்டிச் சொல்வதில்லை.

"சார், ஒண்ணு பண்ணுங்க. கம்ப்யூட்டர் பக்கத்துல ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும்... அது டிபன் பாக்ஸ் சார்... உங்களோடதுதான், நீங்கதானே தினம் அங்க வைப்பீங்க... அதுக்குப் பின்னாடி... ஆங், அதேதான். அதுல விளக்கு எரியுதா?... எத்தனை?... நாலும் பச்சையா?... ஒண்ணு மட்டும் என்ன?... சிமிட்டுதா. சிமிட்டட்டும் சார், சிமிட்டினாத்தான் நல்லது... இல்ல சார், அது யாரையும் பாத்துச் சிமிட்டல. அதோட குணம் அது."

அவள் மறுபடி கடவுச்சொல்லை அடித்தாள். ஐந்தாவது தடவை. வட்டம் மறுபடி முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தது.

"பின்னாடி ஒரு நீல வயர் இருக்கும் பாருங்க. அதைக் கொஞ்சம் அழுத்தி விடுங்க... எவ்வளவு அழுத்தமாவா? சும்மா, கதவைச் சாத்துற மாதிரி சார்... உங்க வீட்டுக் கதவு எனக்கு எப்படி சார் தெரியும்... சரி, போதும் போதும், விட்டுடுங்க. இருங்க, இன்னொரு தடவை போட்டுப் பாக்கறேன்... இல்ல... அதேதான்."

கணவன் தரையில் மண்டியிட்டு, சுவரோரம் இருந்த இணையப் பெட்டியை மோப்பம் பிடிக்காத குறையாக ஆராய்ந்துகொண்டிருந்தான். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பவன். எந்தக் குண்டுக் கையிலும் நரம்பைக் கண்டுபிடித்துவிடுவான். இந்த வயர்களில் அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"என்னங்க, நீங்க எதையும் பிடுங்கிடாதீங்க... உங்களை இல்ல சார், வீட்டுக்காரரைச் சொன்னேன். சார், ஒரு தடவை கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்களேன்... ஏன் கூடாது?... ஆஃப் பண்ணினா ஆபீஸ் மூடிட்டதா அர்த்தமா? யார் சார் சொன்னா?... சுற்றறிக்கையோட மூணாவது பத்தி. சரி... சரி சார்... இல்ல, மூணாவது பத்திமேல எனக்கு ஒரு கோவமும் இல்ல."

கோபம் இருந்தது. மூன்றாவது பத்தி மேலும் இருந்தது, அதை எழுதியவன் மேலும் இருந்தது. ஆனால் காரியம் ஆக வேண்டும் என்றால் கழுதைக் காலையும் பிடிக்கத்தான் வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பக்கத்தில் மகள், மாவுக்கட்டுப் போட்ட இடது கைமேல் வலது கையால் பச்சைப் பேனாவில் மீன் வரைந்துகொண்டிருந்தாள். அம்மா உள்ளே போய்விட்டாளா என்று ஒரு தடவை கேட்டாள். இன்னும் இல்லை என்றதும் இன்னொரு மீன் வரைந்தாள்.

"தலைமையகத்துக் கம்ப்யூட்டர் பிரிவுக்கும் பேசிட்டேன் சார். பாஸ்வேர்டு சரியா இருக்காம், லைனும் சரியா இருக்காம். உங்க ஆபீஸ்லதான் எங்கேயோ போய் நிக்குதுங்கறாங்க... என்னது, சிரிச்சாங்களா? ஆமா சார், சிரிச்சாங்க. எனக்கும் ஏன்னு தெரியல. இருங்க, கடைசியா ஒரே ஒரு தடவை... போட்டாச்சு. சார், உங்க திரையில இப்ப என்ன தெரியுது?... உங்க முகம் தெரியும் சார், அது கண்ணாடி. அதுக்குள்ள என்ன தெரியுது?... நீர்மட்ட அட்டவணை. சரி. அதுக்கு மேல?... ஒரு பெட்டி இருக்கா? என்ன பெட்டி?... படிங்க... மெதுவாவே படிங்க... ஆமா. ஆமா சார், அது என் பேருதான்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தலையணை சரிந்தது, கணவன் பாய்ந்து மடிக்கணினியைப் பிடித்தான்.

"உள்ளே வர அனுமதி கேக்கறார். சரி. கீழே?... ஆம், இல்லை. அவ்வளவுதானா? சார், இந்தப் பெட்டி எவ்வளவு நேரமா அங்க இருக்கு?... ரெண்டரை மணியிலேர்ந்தா?... ஒரு மணி நேரத்துக்கு மேலயா நான் வாசல்ல... ஏன் சார் சொல்லல?... நான் கேக்கலையா. ஆமா சார், நான் கேக்கல. நான் விளக்கைத்தான் கேட்டேன்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். கடவுச்சொல் வரம் கொடுத்துவிட்டது. பூசாரி திரைக்கு முன்னால் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார். அவர் இதை எப்படிச் சாதித்தார் என்பது கேட்கக் கேட்கத்தான் வெளியே வந்தது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் எந்த ஊழியரும் அலுவலகத்துக்குள் வரக் கூடாது என்று போன மாதம் ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. கம்பி வழியாக வருகிறவர்களுக்கும் இது பொருந்துமா என்று அவர் தலைமையகத்துக்குக் கடிதம் போட்டார். பதில் இல்லை. மூன்று நினைவூட்டல் போட்டார். தொல்லை விட்டால் போதும் என்று கம்ப்யூட்டர் பிரிவில் யாரோ இந்தப் பெட்டியைச் செய்து அவர் தலையில் கட்டிவிட்டார்கள். இனிமேல் யார் கம்பி வழியாக வந்தாலும் நீங்களே பார்த்து விடுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம்.

"சரி சார், நடந்தது நடந்து போச்சு. இப்ப ஆம்னு அழுத்துங்க... ஏன்?... கையெழுத்துப் போடலையா? நான் இங்க இருக்கேன் சார், பதிவேடு அங்க இருக்கு... அப்ப எடுத்துட்டு வரீங்களா? எட்டு மணி நேரம் சார்... ஓ, வெளிய எடுத்துட்டு வரவும் கூடாதா. அதானே பாத்தேன்... சார், லீவுல இருக்கறவங்க கையெழுத்தே போட முடியாதுன்னா, நான் எப்படித்தான் சார் போடறது?... போட முடியாது. சரி. அப்ப இல்லைன்னாவது அழுத்தியிருக்கலாமே, நான் வேற வழி பாத்திருப்பேன்... ஏன் அதுவும் முடியாது?... பாஸ்வேர்டு சரியா இருக்கா. சரியான பாஸ்வேர்டோட வந்தவங்களைத் திருப்பி அனுப்ப உங்களுக்கு அதிகாரம் இல்லையா. புரியுது சார். ஆமும் கிடையாது, இல்லையும் கிடையாது. அதான் சுத்திக்கிட்டே இருக்கு."

கைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு கணவனைப் பார்த்தாள். அவன் தலையில் அடித்துக்கொண்டான். அவள் பொத்திய கையை எடுத்தாள்.

"சொல்லுங்க சார்... என்ன ஏழு பேர்?... எங்க நிக்கறாங்க?... அது ஏழு பேர் இல்ல சார், ஏழும் நான்தான்... ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு போட்டேன் இல்ல, ஒவ்வொரு தடவைக்கும் ஒரு பெட்டி வந்திருக்கும்... எல்லாத்துலயும் ஒரே பேருதானே போட்டிருக்கு?... அதுல எது நிஜமாவா? எல்லாமே நிஜம்தான் சார். நான் ஒருத்திதான்... இல்ல, எனக்கு அக்கா தங்கச்சி யாரும் கிடையாது."

மணி நான்கு ஐந்து. அழுகை வந்துவிடும் போல இருந்தது. அழுதால் அதற்கும் ஏதாவது ஒரு பத்தி வைத்திருப்பார் என்ற எண்ணம்தான் அதைத் தடுத்தது. மூன்று வருஷம் எதிர் மேஜையில் உட்கார்ந்து பார்த்த மனிதர். அவரிடம் கெஞ்சினால் நடக்காது, சண்டை போட்டால் நடக்கவே நடக்காது, நோட்டுப் புத்தகத்தில் இடம் இருந்தால் மட்டும் எல்லாம் நடக்கும். அப்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது.

"சார்... சார், ஒரு நிமிஷம். போன மாசம் கொசு மருந்து அடிக்க ஒருத்தர் வந்தாரே, அவர் பதிவேட்டுல கையெழுத்துப் போட்டாரா?... போடல இல்ல? அப்புறம் எப்படி உள்ள விட்டீங்க?... அதேதான் சார். பார்வையாளர் நோட்டு. என்னையும் அதுல எழுதுங்க... லீவுல இருக்கறவ ஊழியர் கிடையாதே சார், இன்னிக்கு நான் வெளியாள்தானே. வெளியாள் ஆபீசுக்கு வரலாம் இல்ல?... அதுல கையெழுத்துக் கட்டம் இருக்கா?... இல்லையா? எழுதத் தெரியாதவங்களும் வருவாங்கன்னு நீங்களே எழுதிக்கறீங்களா. ரொம்ப நல்லதாப் போச்சு."

மறுமுனையில் இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. அவர் உற்சாகமாகிவிட்டார் என்பது அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது. உதவி செய்ய மனம் இல்லாதவர் அல்ல அவர். உதவிக்கு ஒரு கட்டம் வேண்டும், அவ்வளவுதான்.

"எழுதுங்க சார். பேரு தெரியும் இல்ல... ஆமா, முதலெழுத்தோட... முகவரி, இப்ப இருக்கற முகவரியே போடுங்க... யாரைப் பாக்க வந்திருக்கேனா? உங்களைத்தான் சார்... என்ன விஷயமாவா? ஒரு விண்ணப்பம் விஷயமா... வண்டி எதுவும் இல்ல, நடந்து வந்ததா போட்டுக்கோங்க... கையில ஒண்ணும் கொண்டு வரல... இல்ல சார், குடையும் இல்ல. போட்டாச்சா? இப்ப அழுத்துங்க... ஏழு பேர்ல யாரை விடறதா? யாரை வேணாலும் விடுங்க சார்... முதல்ல வந்தவளுக்குத்தான் முன்னுரிமையா? சரி, ரெண்டரை மணிக்கு வந்தாளே, அவளையே விடுங்க, பாவம், ரொம்ப நேரமா நிக்கறா... மத்த ஆறு பேரும் அவசர வேலையா தாங்களாவே திரும்பிப் போயிட்டதா எழுதிக்கோங்க... ஆமா, நானே சொல்றேன். என் பொறுப்பு."

வட்டம் நின்றது. திரை ஒரு தடவை கறுத்து, பிறகு வெளுத்து, அலுவலகக் கணினியின் முகப்பு வந்தது. கணவன் கைதட்டப் போய், வாயில் விரல் வைத்து அடங்கினான். மணி நான்கு பதினெட்டு.

"வந்துட்டேன் சார். ரொம்ப ரொம்ப... என்ன சார்?... ஆமா, அம்புக்குறியை நான்தான் நகத்தினேன்... ஏன்?... பார்வையாளர் அலுவலகப் பொருளைத் தொடக் கூடாதா... மவுஸைக்கூடவா?... பெஞ்சுல உக்காரணும். சரி சார். உக்காந்துட்டேன். அப்ப விண்ணப்பத்தை யார் அடிக்கறது?... நீங்களா?"

அவர் வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே தட்டச்சு செய்பவர். இடது கை மேஜைமேல் சும்மா இருக்கும், வேறு யாருடையதோ மாதிரி. அவள் கைகளைத் தொடையின் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். திரையில் அவள் விண்ணப்பத்தில் அவள் பெயர் எழுத்தெழுத்தாக முளைக்க ஆரம்பித்தது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று சொன்னவனுக்கு ஐந்து மணிக்குள் தேய வேண்டிய அவசரம் இருந்திருக்காது.

"காரணம்ங்கற இடத்துல, கணவரும் குழந்தையும் வேறு ஊரில் வசிப்பதால்னு போடுங்க... கணவரும்... சரி... அடுத்து கு... ழவா? கீழ் வரிசையில பாருங்க சார், வலது கோடியில... அது ய... அதுக்கும் கீழ... வலது பக்கம் சார், சாப்பிடற கைப்பக்கம்... ஆங், அதேதான்... ஒரு ழ போதும் சார், நாலு வேண்டாம்... ஆமா, அழிச்சிடுங்க... குழந்தை இருக்கறதுக்கு ஆதாரமா? பக்கத்துலதான் சார் இருக்கா, மீன் வரைஞ்சுக்கிட்டு இருக்கா... சரி, வாய்மொழியாத் தெரிவிக்கப்பட்டதுன்னு உங்க நோட்டுல எழுதிக்கோங்க."

நான்கு நாற்பத்தாறு. எல்லாக் கட்டமும் நிரம்பியது. அவள் மூச்சு விட்டாள். அவர் 'அனுப்புக' என்பதை அழுத்தினார். விண்ணப்பம் போகவில்லை, ஒரு கட்டம் சிவப்பாக மின்னியது. அலுவலகத் தலைவரின் குறிப்பு: கட்டாயம்.

அதை அவள் எதிர்பார்க்கவில்லை. இரண்டு பேர் இருக்கிற அலுவலகத்தில் ஒருத்தி போனால் மிச்சம் ஒருவர். ஒருவர் மட்டும் இருக்கிற கிளையைப் பக்கத்துக் கிளையோடு சேர்த்துவிடுவார்கள். அதற்கும் ஒரு சுற்றறிக்கை உண்டு, அதை அவளுக்குப் படித்துக் காட்டியதே அவர்தான். ஓய்வுபெற அவருக்கு இன்னும் பதினான்கு மாதம். அதற்குள் அந்த மேஜை, அந்த இழுப்பறை, தினமும் காலையில் பார்க்கிற பாலத்துத் தூண் எல்லாம் போய், எங்கேயோ ஒரு பெரிய கூடத்தில் யாரோ ஒருவருக்குக் கீழே உட்கார வேண்டியிருக்கும். இத்தனை நேரம் அவளுக்கு அவளுடைய மூன்று வருஷம் மட்டும்தான் கண்ணில் தெரிந்தது.

"சார்... அது... நீங்கதான் எழுதணும் சார். நான் ஒண்ணும் சொல்லக் கூடாது."

விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது. திரையில் எழுத்துகள் வந்தன. *இவர் போனால் இந்த அலுவலகத்தில்* என்று வந்து நின்றது. பக்கத்தில் கோடு துடித்துக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு நிமிஷம் ஆனது. கணவன் அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"சார், இருக்கீங்களா?"

எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பின்னால் அழிந்தன. கட்டம் காலியானது. பிறகு *ஆட்சேபணை* என்ற சொல் வந்தது, வழக்கமான ஆமை வேகத்தில். அதோடு விரல் நின்றுவிட்டது. ஒன்றும் கேட்கக் கூடாது என்று அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மணி நான்கு ஐம்பத்துமூன்று. *இ* என்று ஓர் எழுத்து விழுந்தது. இருக்கிறது என்று எழுதினாலும் அந்த எழுத்தில்தான் தொடங்க வேண்டும். அடுத்த எழுத்தைத் தேட அவருக்கு எப்போதும் ஆகிற நேரம்தான் ஆனது.

*ஆட்சேபணை இல்லை. உடனே விடுவிக்கலாம்.*

சிவப்பு மறைந்தது. அனுப்பப்பட்டது என்று வந்தது, கூடவே ஓர் எண்.

"சார்... போயிடுச்சு சார்... ஆமா, எண் வந்திருக்கு, நானும் பாத்தேன்... ஆமா... குறிச்சுக்கிட்டேன்."

சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வந்தது, ஆனால் தனியாக வரவில்லை. ஒரு மணி நேரமாக மனசுக்குள் அவரைத் திட்டிய திட்டெல்லாம் நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது. நன்றி என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் முந்திக்கொண்டார்.

"என்ன சார்?... வெளியேறிய நேரமா?... இப்ப மணி நாலு அம்பத்தேழு... சார், அஞ்சுக்கு இன்னும் மூணு நிமிஷம் இருக்கே. பார்வையாளர் அதுவரைக்கும் உக்காந்திருக்கலாமா?... வேலை ஒண்ணும் இல்ல சார். சும்மாத்தான்... விதி ஒண்ணும் தடுக்கலையே?... தேங்க்ஸ் சார்."

அந்த அலுவலகத்தை விட்டு எப்போது போவோம் என்று மூன்று வருஷமாக நாள் எண்ணியவள், அதன் முகப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். மறுமுனையில் மின்விசிறி சுற்றும் சத்தமும், ஜன்னல் கதவுகளை அவர் ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தமும் கேட்டன.

"சொல்லுங்க சார்... குழந்தையா? நல்லா இருக்கா... இடது கைதான் சார், வலது இல்ல... நாலரை முடிஞ்சுது... ஆமா, ரொம்பச் சேட்டை... இல்ல சார், அதையெல்லாம் நோட்டுல எழுத வேண்டாம்... சரி, உங்களுக்காகன்னா எழுதிக்கோங்க... தண்ணியா? இன்னிக்கு எவ்வளவு சார்?... ரெண்டு விரக்கடை ஏறியிருக்கா. மேல எங்கேயோ மழை போல... ஆமா... ஆமா சார்."

ஐந்து அடித்தது. திரை அணைந்தது. அலுவலகத் தொலைபேசியை ஐந்து மணிக்குமேல் உபயோகிக்கக் கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

"அப்ப நான் வரேன் சார்... சார், உங்களை..."

லைன் கட்டாகிவிட்டது.